ஓசூர்: தொழிற்பேட்டை முன்னே, நகரம் பின்னே – ஒரு நிகழ்வு ஆய்வு

பெங்களூரிலிருந்து தென்கிழக்கே வரும் தேசிய நெடுஞ்சாலை 44, எலக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரா, சந்தாபுரம், அத்திப்பள்ளி ஆகியவற்றைத் தாண்டி ஜூஜூவாடியில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. சாலையோரக் கட்டடங்களை மட்டும் பார்த்துக்கொண்டு வருபவருக்கு மாநிலம் மாறியது தெரியாது. வண்டிகளின் எண் பலகையை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. ஓசூரில் குடியிருந்துகொண்டு பெங்களூரில் வேலை பார்ப்பவர்களின் கே.ஏ. எண் கார்களும், ஓசூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் டி.என். 70 வண்டிகளும் எல்லைக்கு இரு புறமும் கலந்தே ஓடுகின்றன. ஆனால் நிலத்தின் விலை, பத்திரச் செலவு, குழாயில் வரும் தண்ணீர், மெட்ரோ ரயில் கடைசியாக நிற்கும் இடம் என இங்கே வாழ்க்கையைத் தீர்மானிக்கும் பலவற்றையும் அந்த எல்லைக்கோடுதான் முடிவு செய்கிறது.

ஓசூரின் வளர்ச்சியைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் பெங்களூரின் நெருக்கத்தையே காரணமாகச் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் ஒரு பெருநகரம் இருப்பதால் மட்டும் ஒரு தாலுகா தலைமையிடம் தொழில் நகரமாகிவிடாது; கர்நாடகத்தின் கனகபுராவும் மாகடியும் அதைவிடச் சற்றே கூடுதல் தொலைவில்தான் இருக்கின்றன. ஓசூரில் தொழில் வந்தது அரசு திட்டமிட்டதால். குடியிருப்பும் வணிகமும் வந்தது யாரும் திட்டமிடாமல். இந்த இரண்டுக்கும் இடையிலான இடைவெளிதான் இன்று சாலை நெரிசலாகவும், காலி மனைகளாகவும், ஓர் அறையில் ஐந்து பேர் தங்கும் வாடகை வீடுகளாகவும் தெரிகிறது என்பதே இந்த ஆய்வின் முடிவு.

சிப்காட் வந்த காலம்

சந்திரசூடேஸ்வரர் மலைக்கோயிலையும் ராமநாயக்கன் ஏரியையும் சுற்றி அமைந்த பழைய ஓசூர், சேலம் மாவட்டத்தின் வடமேற்கு மூலையில் இருந்த ஒரு சந்தை ஊர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் கிடைத்த குளிர்ந்த காற்றுக்காக ஆங்கிலேய அதிகாரிகள் இதை விரும்பினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி 1824-இல் மத்திகிரியில் தொடங்கிய கால்நடைப் பண்ணை இன்றும் இயங்குகிறது. ராணுவத்துக்குக் குதிரை வளர்க்கப் பயன்பட்ட அந்தப் பரந்த நிலம், நகரத்தின் தெற்கே இப்போது எஞ்சியிருக்கும் மிகப் பெரிய திறந்தவெளி. 1956-இல் மொழிவாரியாக மாநிலங்கள் பிரிந்தபோது, தெலுங்கும் கன்னடமும் தமிழும் உருதுவும் கலந்து பேசப்பட்ட இந்தப் பகுதி சென்னை மாநிலத்திலேயே நீடித்தது. 1965-இல் தருமபுரி மாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்து, 2004-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு மாறியது.

1971-இல் தமிழ்நாடு அரசு தொழிற்பேட்டைகளை அமைக்கும் சிப்காட் நிறுவனத்தைத் தொடங்கியது. சென்னையைச் சுற்றிக் குவிந்த தொழிலைப் பின்தங்கிய மாவட்டங்களுக்குக் கொண்டு செல்வது அதன் நோக்கம். தருமபுரி மாவட்டத்துக்கு அந்தத் தகுதி தாராளமாக இருந்தது. மழை குறைவு, பாசனம் குறைவு, பிழைப்புக்காக வெளியூர் போவோர் அதிகம். ஆனால் மாவட்டத்தின் நடுவில் இடம் பார்க்காமல் கர்நாடக எல்லையை ஒட்டிய முனையைத் தேர்ந்தெடுத்ததில்தான் கெட்டிக்காரத்தனம் இருந்தது. ஹெச்.ஏ.எல்., ஹெச்.எம்.டி., பி.இ.எல். போன்ற பொதுத்துறை ஆலைகளால் பெங்களூரில் பொறியாளர்களும் கருவிப் பட்டறைகளும் உதிரிபாகம் செய்வோரும் நிறைந்திருந்தார்கள். தமிழ்நாட்டின் நிலமும் சலுகையும், பெங்களூரின் தொழில்திறனும் ஒரே இடத்தில் கிடைக்கும் என்பது முதலீட்டாளர்களுக்குப் புரியப் பல ஆண்டுகள் ஆகவில்லை.

அசோக் லேலண்ட் 1980-இல் தன் ஓசூர் ஆலையைத் தொடங்கியது. அதே ஆண்டில் சுந்தரம் கிளேட்டனின் மொபெட் பிரிவு டிவிஎஸ் 50-ஐ இங்கிருந்து சந்தைக்கு அனுப்பியது. பிறகு இருசக்கர வாகனத் தொழிலில் டிவிஎஸ் மோட்டார் கண்ட வளர்ச்சி முழுவதும் இந்த ஊரோடு பிணைந்தது. 1984-இல் டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோ நிறுவனமும் கூட்டாகத் தொடங்கிய டைட்டன், தன் கைக்கடிகார ஆலைக்கு ஓசூரைத் தேர்ந்தெடுத்தது. சுற்றுவட்டாரக் கிராமங்களில் பள்ளிப் படிப்பை முடித்த இளைஞர்களையும் பெண்களையும் எடுத்து, மைக்ரான் அளவில் நுணுக்கம் கேட்கும் வேலைக்கு அங்கே பழக்கினார்கள். தொழிற்பேட்டையால் உள்ளூருக்கு என்ன கிடைத்தது என்று கேட்பவர்களுக்கு இந்த நிகழ்வை முதலில் காட்டலாம். கேழ்வரகும் துவரையும் விளைவித்த குடும்பங்களிலிருந்து மாதச் சம்பளக்காரர்களின் முதல் தலைமுறை அப்படித்தான் வந்தது.

பெரிய ஆலைகளைச் சுற்றிச் சிறுதொழில் படர்ந்தது. ஒரு லாரிக்கோ மொபெட்டுக்கோ வேண்டிய ஆயிரக்கணக்கான உதிரிபாகங்களைத் தாய் நிறுவனமே செய்வதில்லை. லேத்தும் மில்லிங் இயந்திரமும் வைத்த பட்டறைகளுக்கு வேலை ஒப்படைக்கப்படுகிறது. ஆலையில் வேலை கற்றவர் சில ஆண்டுகளில் இரண்டு பழைய இயந்திரங்களை வாங்கி, மூக்கண்டப்பள்ளியிலோ தர்கா பகுதியிலோ ஒரு கொட்டகை பிடித்து, அதே ஆலைக்கு 'ஜாப் ஒர்க்' செய்யத் தொடங்குவார். இப்படிப் பெருகிய பட்டறைக்காரர்களின் அமைப்பாகிய ஹோஸ்டியா இன்று நகரத்தின் மின்வெட்டு முதல் மெட்ரோ வரை எல்லாவற்றிலும் குரல் கொடுக்கும் சங்கமாக இருக்கிறது. என் கணிப்பில் ஓசூரின் உண்மையான மூலதனம் இந்தப் பட்டறைகளே. 2021-இல் ஏத்தர் எனர்ஜி பெங்களூரிலிருந்து தன் மின் ஸ்கூட்டர் உற்பத்தியை இங்கே கொண்டுவந்ததற்கும், அதே மாவட்டத்தில் போச்சம்பள்ளி அருகே ஓலா எலக்ட்ரிக் 500 ஏக்கரில் ஆலை கட்டியதற்கும் அரசுச் சலுகைகளோடு இந்த உதிரிபாக வலைப்பின்னலும் காரணம்.

ஊராட்சியாக இருந்த நகரம்

ஆலைகள் வந்தபோது ஓசூர் ஒரு பேரூர். நகராட்சியானது 1992-இல்தான், அதாவது டிவிஎஸ் 50 சாலைக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து. அப்போதும் தொழிற்பேட்டையும் தொழிலாளர் குடியிருப்பும் நகராட்சி எல்லைக்குள் முழுமையாக வரவில்லை. மூக்கண்டப்பள்ளியும் ஜூஜூவாடியும் சென்னத்தூரும் ஆவலப்பள்ளியும் தனித்தனி கிராம ஊராட்சிகள். மத்திகிரி தனிப் பேரூராட்சி. பல்லாயிரம் பேர் குடியிருக்கும் இடத்துக்குச் சாக்கடையும் தெருவிளக்கும் அமைக்கும் பொறுப்பு, ஒரு செயலாளரும் இரண்டு மூன்று பணியாளர்களும் கொண்ட ஊராட்சி அலுவலகத்திடம் இருந்தது. வீடு கட்ட அனுமதி கேட்டு வந்த விண்ணப்பத்தைப் பரிசோதிக்க அங்கே ஆளும் இல்லை, அளவுகோலும் இல்லை.

இந்த ஐந்து உள்ளாட்சிகளும் 2011-இல் ஓசூர் நகராட்சியோடு இணைக்கப்பட்டன. இணைப்பின் தாக்கத்தை மக்கள்தொகைக் கணக்கிலேயே பார்க்கலாம். அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் பழைய எல்லைக்குள் சுமார் 1,16,800 பேர்; விரிந்த எல்லைக்குள் சுமார் 2,45,000 பேர். நகரவாசிகளில் பாதிக்கு மேற்பட்டோர் அதுவரை காகிதத்தில் நகராட்சிக்கு வெளியே இருந்தார்கள் என்பதுதான் இதன் பொருள். 2019 பிப்ரவரியில் நாகர்கோவிலோடு சேர்த்து ஓசூரும் மாநகராட்சியாக்கப்பட்டது. 45 வார்டுகள், 72 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல் பரப்பு. மாநகராட்சிக்கான முதல் தேர்தல் 2022 பிப்ரவரியில் நடந்தது.

அதற்குள் வளர்ச்சி மறுபடியும் எல்லையைத் தாண்டிவிட்டது. பேகேபள்ளி, நல்லூர், ஒன்னல்வாடி, பேரண்டப்பள்ளி எனச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் இப்போது நடப்பது, மூக்கண்டப்பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு முன் நடந்ததன் மறுபதிப்பு. போதாக்குறைக்கு 2021-இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கவில்லை. 2027 மார்ச்சை அடிப்படையாகக் கொண்ட அடுத்த கணக்கு வெளிவரும்வரை, குடிநீர்த் தொட்டியின் கொள்ளளவு முதல் நியாயவிலைக் கடையின் எண்ணிக்கை வரை எல்லாவற்றுக்கும் 2011-இன் எண்ணையே நீட்டிக் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. வெளிமாநிலத் தொழிலாளர்கள் பெருமளவில் வந்ததே அதற்குப் பிறகுதான்.

மனை என்னும் சரக்கு

ஓசூரின் குடியிருப்பு வளர்ச்சியை மூன்று அலைகளாகப் பார்க்கலாம். முதல் அலை ஆலைத் தொழிலாளர்களுடையது. வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகள், பாகலூர் ஹட்கோ, ஆவலப்பள்ளி ஹட்கோ போன்ற திட்டப் பகுதிகள், நிறுவனங்களின் சொந்தக் குடியிருப்புகள் ஆகியவை அந்தக் காலத்தவை. அகலமான தெரு, பூங்காவுக்கு விட்ட இடம், பள்ளிக்கு ஒதுக்கிய மனை ஆகியவை இன்றும் இந்தப் பகுதிகளில்தான் ஓரளவு இருக்கின்றன. இரண்டாவது அலை, எலக்ட்ரானிக் சிட்டியில் மென்பொருள் நிறுவனங்கள் பெருகியபின் வந்தது. 2010 ஜனவரியில் பெங்களூரின் சில்க் போர்டு பக்கத்திலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிவரை உயர்மட்டச் சாலை திறக்கப்பட்டபோது, எல்லைக்கு இந்தப் பக்கம் வீடு வாங்கி அந்தப் பக்கம் வேலைக்குப் போவது நடைமுறைக்கு ஒத்த கணக்காயிற்று. மூன்றாவது அலையில் வாங்குபவர் ஓசூருக்குக் குடிவருவதே இல்லை. அவர் வாங்குவது வீடு அல்ல, மனை. விலை ஏறியதும் விற்பதற்காக வாங்குகிறார்.

இந்த மூன்றாவது அலையை வளர்ச்சி என்று எண்ணுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு மனைப்பிரிவு உருவாகும் விதத்தைப் பார்த்தால் காரணம் புரியும். பேரிகை சாலையிலோ தளி சாலையிலோ நான்கைந்து ஏக்கர் புஞ்சை நிலம் கைமாறுகிறது. வரப்பைத் தள்ளிச் சமன்செய்து, 30 அடி, 23 அடி எனத் தார்ச்சாலை போட்டு, 1,200 சதுர அடி மனைகளாகக் கல் நட்டு, முகப்பில் ஒரு வளைவு கட்டுகிறார்கள். 'டி.டி.சி.பி., ரெரா அப்ரூவ்டு. எலக்ட்ரானிக் சிட்டி 20 நிமிடம். வங்கிக் கடன் உண்டு' என்று பலகை நிற்கிறது (டி.டி.சி.பி. என்பது நகர் ஊரமைப்பு இயக்ககம்; ரெரா என்பது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்). உள்ளே எல்லாம் விதிப்படி இருக்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பிரிவு என்றால் திறந்தவெளிக்கென பத்தில் ஒரு பங்கு நிலத்தை உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பார்கள். ஆனால் உள்ளே போட்ட 30 அடிச் சாலை பின்பக்கச் சுற்றுச்சுவரில் முட்டி நின்றுவிடும். சுவருக்கு அந்தப் பக்கம் வேறொருவர் போட்ட மனைப்பிரிவின் 23 அடிச் சாலை, பத்துப் பதினைந்து அடி விலகி வேறு திசையில் தொடங்கும். இரண்டுக்கும் நடுவே ஓடைப் புறம்போக்கும் பழைய வண்டிப்பாதையும் கிடக்கும். ஒரு பிரிவிலிருந்து அடுத்ததற்குப் போக இரண்டு கிலோமீட்டர் சுற்றிப் பிரதான சாலைக்கு வந்து திரும்ப வேண்டும். இப்படி நூறு பிரிவுகள் சேர்ந்தால் கிடைப்பது நூறு முட்டுச்சந்துகள்; நகரம் அல்ல.

அங்கீகாரம் என்ற சொல்லுக்கு மதிப்பு வந்ததே 2016-க்குப் பிறகுதான். அந்த ஆண்டு செப்டம்பர் 9 அன்று அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. ஓசூர் போன்ற இடங்களில் பத்திர அலுவலகங்கள் வெறிச்சோடின. 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வெளியாகி, 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்கப்பட்ட மனைகளுக்குக் கட்டணம் செலுத்தி அங்கீகாரம் பெறும் வழி திறந்தது. அதே ஆண்டில் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. இந்த மூன்றும் வாங்குபவரின் பணத்துக்குப் பாதுகாப்புத் தந்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் இவை எல்லாமே ஒரு மனைப்பிரிவின் வேலிக்குள் நடப்பதைத்தான் பார்க்கின்றன. வேலிக்கு வெளியே சாலை எங்கே போகும், மழைநீர் எந்த ஏரிக்கு வடியும், பேருந்து எங்கே திரும்பும் என்பதைத் தீர்மானிக்க வேண்டியது நகர் வளர்ச்சித் திட்டம். ஓசூர் புதுநகர் வளர்ச்சிக் குழுமம் என்று ஓர் அமைப்பு நீண்ட காலமாக இருந்தும், அதன் வரைபடத்தில் இருந்த இணைப்புச் சாலைகள் பல தரைக்கு வரவில்லை. கோவை, மதுரை, திருப்பூரோடு ஓசூருக்கும் தனி நகர வளர்ச்சிக் குழுமம் அமைப்பதாக அரசு அறிவித்தது 2022-இல்.

பத்திரச் செலவிலும் எல்லையின் கைவரிசை உண்டு. தமிழ்நாட்டில் 2017-இல் வழிகாட்டி மதிப்பை 33 விழுக்காடு குறைத்து, பதிவுக் கட்டணத்தை 4 விழுக்காடாக்கியதால் முத்திரைத் தீர்வையோடு சேர்த்து மொத்தம் 11 விழுக்காடு ஆயிற்று. 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழைய நிலைக்கு உயர்த்திக் கட்டணத்தை 2 விழுக்காடாக்கினார்கள், மொத்தம் 9. கர்நாடகத்தில் 2025 ஆகஸ்டு இறுதியில் பதிவுக் கட்டணத்தை 1-இலிருந்து 2 விழுக்காடாக உயர்த்திய பிறகும் மொத்தச் சுமை இதைவிடக் குறைவு. அப்படியிருந்தும் பெங்களூர்க்காரர் இங்கே வாங்குகிறார் என்றால் நிலத்தின் அடிப்படை விலையில் உள்ள வேறுபாடு அந்தக் கூடுதல் வரியை விழுங்கிவிடுகிறது என்றே கொள்ள வேண்டும்.

வாடகைக்கு இருப்பவர்கள்

மனை விளம்பரங்களில் இடம்பெறாத ஓசூர் ஒன்று உண்டு. சிப்காட்டை ஒட்டிய தெருக்களில் விவசாயம் விட்ட நிலக்காரர்கள் கட்டிய வரிசை வீடுகளே அது. நீளமான ஒரு கட்டடத்தில் பத்துப் பன்னிரண்டு கதவுகள். ஒவ்வொரு கதவுக்குப் பின்னும் ஓர் அறையும் சமையல் மேடையும். கழிவறை வரிசையின் கடைசியில், பொதுவாக. மோட்டார் போடும் நேரத்துக்குக் குடங்கள் வரிசையில் நிற்கும். 'வீடு வாடகைக்கு' என்று தமிழில் எழுதிய பலகைக்குப் பக்கத்தில் இந்தியிலும் அதே அறிவிப்பு. ஷிப்டு மாறும்போது ஒரு கும்பல் எழுந்து போக, மற்றொரு கும்பல் அதே பாயில் வந்து படுக்கும். நிலத்தை மொத்தமாக விற்றுவிட்டவரைவிட இப்படிக் கட்டி வாடகைக்கு விட்டவர் நிலையான வருமானம் பார்த்தார் என்பது சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் செய்தி.

இந்த வாடகைச் சந்தையின் அளவையே மாற்றியது டாடா எலக்ட்ரானிக்ஸ். உத்தனப்பள்ளி பக்கம் நாகமங்கலம் அருகே அமைந்த அந்த ஆலை, ஐபோனின் வெளிக்கூடு போன்ற பாகங்களைத் தயாரிக்கிறது. 2022 நவம்பரில் ஒன்றிய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ், ஓசூர் அருகே அமையும் ஆலையில் 60,000 பேர் வேலை பார்ப்பார்கள் என்றும், அதில் முதல் 6,000 பேர் ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிகளைச் சேர்ந்த பழங்குடிப் பெண்கள் என்றும் அறிவித்தார். ஓசூரின் பழைய தொழிலாளி பெரும்பாலும் ஆண். குடும்பத்தோடு வந்து, சில ஆண்டுகளில் மனை வாங்கி, வீடு கட்டி ஊர்க்காரர் ஆனவர். புதிய தொழிலாளி இருபது வயதுக்கு அக்கம்பக்கமுள்ள பெண். விடுதியில் தங்கி, நிறுவனப் பேருந்தில் போய்வந்து, ஊருக்குப் பணம் அனுப்பி, ஓரிரு ஆண்டில் திரும்பிப் போகக்கூடியவர். அவருக்கு மனை வேண்டாம். இரவு ஷிப்டு முடிந்து இறங்கும் இடத்தில் விளக்கெரியும் தெருவும், தாழ்ப்பாள் உள்ள குளியலறையும், அருகில் ஒரு மருத்துவமனையும்தான் வேண்டும். நகரத்தின் குடியிருப்புக் கொள்கை என்று ஒன்று இருக்குமானால் அது இவரை மையமாக வைத்தே எழுதப்பட வேண்டும். இப்போதைக்கு நிறுவனங்கள் தங்கள் பொறுப்பில் கட்டும் விடுதிகளும், தனியார் கட்டடங்களை மொத்தமாக வாடகைக்கு எடுப்பதுமே வழியாக இருக்கின்றன. ஒரு பக்கம் கல் நட்டுப் பூட்டிக் கிடக்கும் மனைகள், மறுபக்கம் மூச்சுமுட்டும் அறைகள் என்ற முரண், நில விலை ஏற ஏறக் கூடத்தான் செய்யும்.

கடைத்தெரு நகர்ந்த விதம்

பழைய வணிகம் நேதாஜி சாலை, காந்தி சாலை, எம்.ஜி. சாலை ஆகியவற்றில் இருந்தது. நகைக்கடையும் துணிக்கடையும் இன்றும் அங்கே இருக்கின்றன. ஆனால் புதிய வணிகம் சாலைகளின் வழியே வெளியே ஓடிவிட்டது. பாகலூர் சாலை, தளி சாலை, ராயக்கோட்டை சாலை, தேன்கனிக்கோட்டை சாலை ஆகிய நான்கும் கை விரல்கள்போல நீண்டு, ஒவ்வொன்றிலும் சூப்பர் மார்க்கெட், மருத்துவமனை, தனியார் பள்ளி, கட்டுமானப் பொருள் கடை, திருமண மண்டபம் என்று வரிசையாக முளைத்தன. விரல்களை இணைக்கும் குறுக்குச் சாலைகள் வளராததால், பாகலூர் சாலையில் இருப்பவர் ராயக்கோட்டை சாலைக்குப் போக வேண்டுமானால் நகரின் நடுவே நெடுஞ்சாலையைக் கடந்தாக வேண்டும். ரயில் பாதை வேறு ஊரைக் குறுக்கே வெட்டுகிறது. 2025 ஜூனில் பேருந்து நிலையம் எதிரே உள்ள நெடுஞ்சாலை மேம்பாலத்தில் பழுது ஏற்பட்டுப் போக்குவரத்தைத் திருப்பிவிட்டபோது, ஊர் முழுக்கத் தேங்கியதற்கு இந்த அமைப்பே காரணம். வடநாட்டிலிருந்து கன்னியாகுமரிவரை போகும் சரக்கு லாரியும், பிள்ளையைப் பள்ளியில் விடப்போகும் ஸ்கூட்டியும் ஒரே பாலத்தை நம்பி இருக்கின்றன.

எல்லை வணிகம் தனி ரகம். டீசல் எந்தப் பக்கம் மலிவோ அந்தப் பக்கத்துப் பெட்ரோல் பங்குகளில் லாரிகள் நிற்கும். தீபாவளிக்கு அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடைகள் வரிசைகட்டும். 2023 அக்டோபரில் அங்கே ஒரு கடையில் ஏற்பட்ட தீவிபத்தில் இறந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து தற்காலிக வேலைக்குப் போன இளைஞர்கள்.

தகவல் தொழில்நுட்பத்தில் மட்டும் பெங்களூரின் நெருக்கம் ஓசூருக்குக் கைகொடுக்கவில்லை. மென்பொருள் நிறுவனத்துக்கு நிலம் பெரிய செலவு அல்ல, ஆள்தான் செலவு. ஆள் பெங்களூரில் இருக்கும்போது, வாடகை குறைவு என்பதற்காக எல்லை தாண்டி வர நிறுவனங்களுக்குக் காரணம் இல்லை. விஸ்வநாதபுரத்தில் தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் அமைத்த தகவல் தொழில்நுட்பப் பொருளாதார மண்டலம் எதிர்பார்த்த அளவுக்கு நிரம்பவில்லை. 2025-26 நிதிநிலை அறிக்கையில் 400 கோடி ரூபாயில் ஐந்து லட்சம் சதுர அடி டைடல் பூங்காவும், அறிவுசார் பெருவழித்தடமும் ஓசூருக்கு அறிவிக்கப்பட்டன. கட்டடம் எழுவது எளிது. மாலை ஆறு மணிக்கு எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஓசூர் திரும்ப ஆகும் நேரம் குறையும்வரை அது நிரம்புவது எளிதல்ல.

தண்ணீரும் விளைநிலமும்

ஓசூருக்குக் கிழக்கே பாயும் தென்பெண்ணை, நந்தி மலையில் பிறந்து பெங்களூரின் கிழக்குப் புறத்தைத் தொட்டுக்கொண்டு வருகிறது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவும் அதில் சேர்வதால், கெலவரப்பள்ளி அணையில் மதகு திறக்கும்போது வெண்ணுரை பொங்கிச் சாலைவரை பறப்பதைச் செய்திகளில் ஆண்டுதோறும் பார்க்கிறோம். வீட்டு வாசலில் அணை இருந்தும் நகரம் குடிக்கும் தண்ணீர் காவிரியிலிருந்து வர வேண்டியிருக்கிறது. ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் 1,928 கோடி ரூபாய் மதிப்பில் தொடங்கப்பட்டு 2013 மே மாதம் திறக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஃபுளோரைடு பாதிப்பைப் போக்குவதற்கென வந்தது. அதன் கடைக்கோடியில் மேட்டில் இருக்கும் ஓசூர், அந்தத் தண்ணீரில் பெரும்பங்கு கேட்கும் இடமாகவும் ஆகிவிட்டது. புதிய மனைப்பிரிவுகள் ஆழ்துளைக் கிணற்றையும் டேங்கர் லாரியையும் நம்பியே விற்கப்படுகின்றன.

வேளாண்மையை இந்த ஆய்வில் ஓர் ஓரத்தில் வைப்பது சரியாகாது. ஓசூரின் குளிர்ந்த காற்று ரோஜாவுக்கும் குடைமிளகாய்க்கும் முட்டைக்கோசுக்கும் ஏற்றது. காதலர் தினத்துக்கு வெளிநாடு போகும் கொய்மலர்களுக்காக டிட்கோ பங்கேற்புடன் டான்ஃப்ளோரா பூங்கா அமைந்தது; தளியில் இஸ்ரேல் கூட்டுறவில் கொய்மலர் மகத்துவ மையம் இயங்குகிறது; பத்தலப்பள்ளி காய்கறிச் சந்தையிலிருந்து பல ஊர்களுக்கு லோடு போகிறது. ஒரு ஏக்கர் பசுமைக்குடிலில் வரும் வருமானம் மோசமானதல்ல. ஆகவே 'விளையாத நிலத்தைத்தானே எடுக்கிறோம்' என்ற பழைய சிப்காட் காலத்து வாதம் இப்போது செல்லுபடியாகாது. உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் ஊராட்சிகளில் 3,034 ஏக்கரில் மற்றொரு சிப்காட் தொழிற்பேட்டை அமைக்கும் திட்டத்தை எதிர்த்து 2023-இல் விவசாயிகள் தொடர் போராட்டம் நடத்தியதன் பின்னணி இதுவே. அவர்கள் தொழிற்சாலை வேண்டாம் என்று சொல்லவில்லை; முப்போகம் விளையும் நிலத்தை விட்டுவிட்டு வேறிடம் பாருங்கள் என்றார்கள்.

யானைகளுக்கும் இந்த நிலத்தில் பங்குண்டு. கேழ்வரகு முற்றும் காலத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து ஜவளகிரி, தளி வழியாகக் கூட்டமாக வந்து, சானமாவு காப்புக்காட்டிலும் போடூர்பள்ளத்திலும் தங்கித் திரும்புவது அவற்றின் நெடுங்காலப் பழக்கம். ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே நெடுஞ்சாலை சானமாவுக் காட்டை ஒட்டியே போகிறது. ஒவ்வொரு மனைப்பிரிவின் சுற்றுச்சுவரும் அந்தப் பாதையைச் சற்றே திருப்பிவிட, இரவில் யானை ஊருக்குள் வந்துவிட்டது என்று மறுநாள் செய்தி வருகிறது.

மெட்ரோவும் விமான நிலையமும்

நகரத்தின் பொதுப்பேச்சு இப்போது இந்த இரண்டைச் சுற்றியே இருக்கிறது. மனைப் புரோக்கர்களின் பேச்சும் அதுவே. பெங்களூர் மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் 2025 ஆகஸ்டு 10 அன்று பொம்மசந்திராவரை திறக்கப்பட்டது. அங்கிருந்து ஓசூருக்குச் சுமார் 20 கிலோமீட்டர் நீட்டிக்கச் சென்னை மெட்ரோ நிறுவனம் சாத்தியக்கூறு ஆய்வு செய்தது. பெங்களூர் மெட்ரோ 750 வோல்ட் நேர்மின்சாரத்தைத் தண்டவாளத்தின் பக்கவாட்டிலிருந்து எடுக்கிறது. சென்னை மெட்ரோவின் முறை 25,000 வோல்ட் மாறுமின்சாரத்தை மேல்கம்பியிலிருந்து எடுப்பது. ஒரே ரயில் இரண்டிலும் ஓடாது என்ற தொழில்நுட்பச் சிக்கலை பெங்களூர்த் தரப்பு முன்வைத்திருக்கிறது. சிக்கலின் அடியில் வேறொன்றும் இருக்கிறது: தன் மாநிலத்து முதலீடும் குடியிருப்பும் எல்லை தாண்டிப் போக வழி செய்யும் ரயிலுக்குக் கர்நாடகம் ஏன் அவசரப்பட வேண்டும்?

விமான நிலையத்தின் நிலையும் அதுவே. 2024 ஜூன் 27 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், ஓசூரில் 2,000 ஏக்கரில் ஆண்டுக்கு மூன்று கோடிப் பயணிகளைக் கையாளும் பன்னாட்டு விமான நிலையம் அமையும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். 2008-இல் திறந்த பெங்களூர் விமான நிலையத்தின் ஒப்பந்தத்தில், 150 கிலோமீட்டருக்குள் 25 ஆண்டுகளுக்கு வேறொன்று கூடாது என்ற நிபந்தனை உண்டு; அது 2033-இல் முடிகிறது. ஆகவே இன்றைய திட்டமிடல் அதற்குப் பிந்தைய காலத்துக்கானது. ஆனால் நிலச் சந்தை 2033வரை காத்திருக்கவில்லை. இடம் பற்றிய பேச்சு சூளகிரி, பேரிகை, பாகலூர் என்று நகர நகர, அந்தந்தச் சாலையில் மனைப் பலகைகளும் கூடவே நகர்ந்தன.

என் மதிப்பீட்டில் ஓசூருக்கு முதலில் வேண்டியது இந்த இரண்டும் அல்ல. பாகலூர் சாலையையும் ராயக்கோட்டை சாலையையும் தளி சாலையையும் நெடுஞ்சாலையைத் தொடாமல் இணைக்கும் வட்டச் சாலை முழுமையாக வேண்டும். பெங்களூரைச் சுற்றி அமையும் சுமார் 280 கிலோமீட்டர் துணைநகர வட்டச் சாலை ஓசூர் வழியாக வருவதால் வெளிச்சுமை கொஞ்சம் குறையும். உள்ளூர்ப் பயணத்துக்கு அது உதவாது. பெங்களூர் ரயில் பாதையின் இரட்டைப் பாதைப் பணி முடிந்து காலை மாலை மின்சார ரயில்கள் கூடினால், மெட்ரோ கேட்கும் பணத்தில் சிறு பகுதியிலேயே வேலைக்குப் போவோரின் பாதிச் சிரமம் தீரும். இவற்றுக்கு அண்டை மாநிலத்தின் ஒப்புதலுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவும் தேவையில்லை. வட்டச் சாலைக்குரிய நிலத்தை அடுத்த மனைப்பிரிவுக்கு அனுமதி தருவதற்கு முன்பே வரைபடத்தில் ஒதுக்கி, அந்த ஒதுக்கீட்டில் மாற்றம் செய்யாமல் இருந்தால் போதும்.